கெபிக்கு நேர்ந்த கல்

என் தம்பி கடலிலிருந்து வந்து இறங்கியதும், "தண்ணி எப்படிலே இருக்கு?" என்று கேட்பேன். "சுடுது யக்கா" என்பான். இந்தக் கோடையில் ஒரு மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் இதே பேச்சுதான். கடல் தண்ணீர் சுட்டால் அடியில் இருக்கிற பவளப்பாறை வெளுத்துப்போகும். அதில் என் வீட்டுக்காரர் கையால் நட்டவை நிறைய இருக்கின்றன. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் அவரே முங்கிப் பார்த்து வந்து சொல்லியிருப்பார். இப்போது நான் கரையில் நின்று தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவரைப் பற்றி எழுதி வையுங்கள் என்று என் இளைய மகள்தான் சொன்னாள். நான் எட்டாவது வரை படித்தவள். செபப்புத்தகத்தைத் தவிர அதிகம் வாசித்தது கிடையாது. அவர் நல்லவர் என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்கு முழுக்கத் தெரிந்தது அந்தத் தப்பில்தான்.

அவர் சங்கு குளிக்கிற ஆள். கல்யாணத்துக்கு முன்பே ஒரு காது போய்விட்டது. அதனால் வலது பக்கம் நின்று பேசினால்தான் பதில் வரும். இத்தனை வருஷம் கடலுக்கு அடியில் இருந்து எடுத்துக்கொண்டே இருந்தவருக்கு, எங்கள் பெரிய மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் என்னவோ ஆகிவிட்டது. பவளப்பாறை நடுகிற ஆராய்ச்சிக்காரர்களுக்கு முங்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கூலிக்குத்தான் போனார். போனவர் அதிலேயே நின்றுவிட்டார். கூப்பிடாத நாளிலும் போய் முங்கிப் பார்த்துவிட்டு வருவார். வந்து சுண்டுவிரலைக் காட்டி, "இம்புட்டு வளந்திருக்குளா" என்பார். எங்கள் பிள்ளைகளுக்குப் பல் முளைத்ததைச் சொன்ன அதே குரல்.

ஊரில் கிண்டலுக்குக் குறைவில்லை. "என்ன, பயிரு வச்சதுக்குத் தண்ணி பாச்சிட்டீரா?" என்று கேட்பார்கள். அவரும், "பாய்ச்சாச்சு, களை எடுக்கத்தான் ஆள் இல்ல, நீரு வாருமேன்" என்பார். ஒரு நாள் சந்தையில் முட்டை வைத்த நண்டைப் பார்த்துவிட்டு மீன்காரியிடம் மல்லுக்கு நின்றார். "வயித்துல முட்டையோட இருக்கதைப் போய் விக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?" அவள் விடுவாளா? "அப்படின்னா நீரே வாங்கிட்டுப் போயி பேறு பாரும். ஒம்ம வீட்டுல தொட்டில் இருக்குல்லா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு நேராகக் கரைக்குப் போய்த் தண்ணீரில் விட்டார். அன்று எங்கள் வீட்டில் வெறும் ரசம். நான் ஒரு வாரம் அதைச் சொல்லிக் காட்டினேன்.

இவ்வளவு சொன்னதால் வீட்டைக் கவனிக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டது அவர்தான். சங்கு எடுத்துக் கீறிய கை. பின்னும்போது முடி அந்தக் கீறலில் மாட்டும். பிள்ளைகள் கத்துவார்கள். இவர் காதில் விழாத மாதிரி சிரித்துக்கொண்டே பின்னுவார்.

பவளம் நடுவதற்கு நூல் வேண்டும். சிமெண்டுப் பலகையில் ஒரு விரல் நீளத் துண்டை வைத்து நைலான் நூலால் கட்ட வேண்டும். பிறகு கல் வளர்ந்து அந்த நூலையே விழுங்கிவிடுமாம். அந்த நூலை வெட்டிக் கொடுப்பது நாங்கள். வலை பின்னி மிஞ்சிய பச்சை நூலை நடுவீட்டில் போட்டுக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்து சாண் அளந்து வெட்டுவோம். பிள்ளைகளின் சாண் சின்னது. அவர்கள் வெட்டியது கட்டைக்குட்டையாக இருக்கும். "இது சின்னக் கல்லுக்கு ஆகும்" என்று அதையும் தனியாக முடிந்து வைத்துக்கொள்வார். ஒன்றையும் கழித்தது இல்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

பெரிய மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. மாப்பிள்ளை கப்பலில் இருந்தார். ஏழாவது மாதம் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஜாக்கிரதையா பாத்துக்கோங்கம்மா, தாய்க்கும் ஆபத்து இருக்கு" என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் கோவில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்த தெருமுனையில் மாதாவுக்கு ஒரு கெபி இருந்தது. மலைக்குகை மாதிரிக் கல்லை அடுக்கி உள்ளே சுரூபத்தை வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அதெல்லாம் கடலில் எடுத்த பவளக்கல்தான். வெள்ளை வெளேரென்று இருக்கும். மழை பெய்தால் கல்லின் ஓட்டைகளில் தண்ணீர் நின்று பளபளக்கும். ரோட்டை அகலப்படுத்தியபோது அதை இடித்துவிட்டார்கள். மாதா சுரூபம் ஒரு வீட்டு அலமாரியில் இருந்தது. கெபிக்கென்று வேறு இடம் விட்டிருந்தார்கள், கட்டத்தான் யாரும் முன்வரவில்லை. எனக்கு அன்று அந்தக் கோவில் படியில் அதுதான் நினைவுக்கு வந்தது.

"அம்மா, என் பிள்ளையையும் அவ பிள்ளையையும் எனக்குக் குடு. உனக்கு முந்தி இருந்தது மாதிரியே கடல் கல்லால கெபி கட்டித் தாரேன். அவளுக்கு வலி எடுக்கதுக்கு முந்தி கல்லைக் கொண்டு வந்து எறக்கிடுதேன்" என்று நேர்ந்துவிட்டேன். வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் மெழுகுதிரி விற்றவள் திரும்பிப் பார்த்தாள்.

சொல்லி முடித்து நாலு எட்டு வைத்த பிறகுதான் யார் பெண்டாட்டி நான் என்பது உறைத்தது. கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தக் கல்லை உயிர் என்று சொல்கிற மனுஷனோடு நான் குடித்தனம் நடத்துகிறேன். வேறு எதையாவது நேர்ந்திருக்கலாம். மெழுகுதிரி நேர்ந்திருக்கலாம், ஊருக்கு அசனச் சாப்பாடு போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. நேர்ந்ததை மாற்றினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று அவர் சொல்லி, அதன் பிறகு மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால், நான் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மகளுக்கு ஒன்பதாவது மாதம் தொடங்கியது. அவள் மூச்சுவிடுவதைக்கூட எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்துத் தொழில் பார்க்கிறவன்.

"யக்கா, மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைய கடல்லயே நட்டு வச்சிருவாரு" என்றான்.

"வெளையாடாதலே. தீவுக் கரையில செத்த கல்லு ஒதுங்கிக் கெடக்குல்லா, அதுல ஒரு சாக்கு கொண்டு வா. உசுரு உள்ளதைத் தொட்டுறாத."

"செத்ததா உசுரு உள்ளதான்னு நாடி புடிச்சுப் பாக்க நான் என்ன டாக்டரா? தீவுல கால் வச்சாலே பாரஸ்ட்காரன் புடிச்சிருவான்."

"ஒன் மருமகளுக்காகத்தான் கேக்கேன்."

அவன் ஒரு காலிச் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். செத்த கல்லானாலும் எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஐப்பசி மாதம். துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிய அன்று காலை என் வீட்டுக்காரர் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுவதற்காகக் கரைக்குப் போயிருந்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள். தம்பி பின்வாசல் வழியாக வந்து ஒரு சாக்கை இறக்கினான். "எறக்கிட்டேன், என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டுத் தன் போட்டைப் பார்க்க ஓடிவிட்டான்.

சாக்கை அண்டாவில் கவிழ்த்தேன். நான் சின்ன வயதில் பார்த்த வெள்ளைக் கல் இல்லை. பழுப்பும் பச்சையுமாக, மான்கொம்பு போலக் கிளை விட்டு, மேலே சளி மாதிரி வழவழவென்று இருந்தது. கவிச்சி அடித்தது. மாதாவுக்குப் போகிற கல், சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் புழங்குகிற தண்ணீரை விட்டுவிட்டுக் குடத்தில் இருந்த குடிதண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றினேன். இரண்டு குடம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவும்போதே அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாவது கல்லோ ஐந்தாவது கல்லோ, விரலில் ஏதோ தட்டியது. தேய்த்துப் பார்த்தால் பச்சை நூல். அடியில் சிமெண்டு ஒட்டியிருந்தது. இரட்டை முடிச்சு, நுனியை உள்பக்கமாகச் சொருகிய முடிச்சு. அவர் போடுகிற முடிச்சு. அடுத்ததை எடுத்தேன். அதிலும் நூல். ஒன்றில் நூல் கட்டைக்குட்டையாக இருந்தது. அது என் பெரிய மகளோ இளையவளோ சின்ன விரலால் சாண் அளந்து வெட்டியது. அவர் அதை முடிந்து வைத்திருந்து இத்தனை வருஷம் கழித்து எடுத்துக் கட்டியிருக்கிறார்.

அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கல்லுக்குக் கடல் தண்ணீர் இல்லாமல் முடியாது. நல்ல தண்ணீர் அதற்கு விஷம். நான் ஊற்றியது நல்ல தண்ணீர்.

போனில் கூப்பிட்டு, "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னேன். மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பிள்ளைக்கு வலி எடுத்துட்டா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்குளா அப்படிக் கூப்பிட்ட? நெஞ்சே நின்னு போச்சு."

நான் அண்டாவைக் காட்டினேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்ன தண்ணி இது?"

"குடிக்கத் தண்ணி."

"எவ்வளவு நேரமாச்சு?"

"கால் மணி நேரம்... அதுக்கு மேலயும் இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் என்னை அடித்ததே கிடையாது, இருந்தும் அப்படி நினைத்தேன். எழுந்து போய் இரண்டு வாளியில் கடல் தண்ணீர் எடுத்து வந்தார். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு தெருதான். சாக்கை அதில் முக்கி, ஒவ்வொரு கல்லாக அந்த ஈரச் சாக்கில் வைத்துச் சுற்றினார். அவர் சுற்றச் சுற்ற நான் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, கோவில் படி, கெபி, தம்பி எல்லாம்.

"வலிக்கு முந்தி எறக்கிடுதேன்னு சொல்லிட்டேன். எறக்கியும் ஆச்சு. இப்ப திருப்பிக் கொண்டு போனா மாதாவுக்குக் குடுத்ததைப் புடுங்குன மாதிரி ஆயிராதா? நம்ம பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?"

அவர் கை நின்றுவிட்டது. உள்ளே மகள் படுத்திருந்த பக்கம் பார்த்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்பதை அப்போது பார்த்தேன். அதுவரை என் பயம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் அவ மகதான்ளா" என்றார். கையில் இருந்த கல்லைச் சாக்கில் சுற்றி முடித்தார். பிறகு, "செத்துப்போனதைக் கொண்டு போயி மாதா காலடில போட்டா நல்லாவா இருக்கும்? இதுல எது பிழைக்கோ அதை நட்டுட்டு வாரேன். நீ செபமாலையை எடு. ஆளுக்கு ஒரு வேலையாப் பாப்போம்" என்றார்.

"கூண்டு ஏத்திருக்கே!"

"ஒண்ணாம் நம்பர்தானே. அது எங்கயோ தூரத்துல கெடக்கு. வெயில் ஏறினா இது தாங்காது."

தம்பியைப் போனில் வரவழைத்து இழுத்துக்கொண்டு போனார். தெருவில் அவர் அவனிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "எங்கனலே ஒடச்ச?" "தீவுல ஆள் நின்னான் மச்சான். தள்ளி ஆழம் கொறஞ்ச எடத்துல முங்குனேன். வரிசையா கைக்கு எட்டுத மாதிரி இருந்துச்சு." "வரிசையா யாருலே நட்டா? மீனா நட்டுச்சு?" "நூலைப் பாத்தேன், பழைய வலைன்னு நெனச்சிட்டேன் மச்சான்." அதற்கு அவர் என்ன சொன்னாரோ, காற்றில் கேட்கவில்லை.

அவர்கள் போய் ஒரு மணி நேரம் இருக்காது, மகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. கல் வீட்டை விட்டுப் போனது, வலி வந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மகளின் கையைப் பிடித்தபடி வேறு எங்கோ இருந்தேன். பிரஷர் ஏறிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். "இவங்க அப்பா எங்க? யாரு கையெழுத்துப் போடுதீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். நான்தான் போட்டேன். என் பெயரையே தப்பாக எழுதப் பார்த்தேன்.

வராந்தாவில் ஒரு மனுஷன் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியாச்சு, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அவருக்குப் போன் போட்டேன். தம்பிக்குப் போட்டேன். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. உள்ளே மகள், வெளியே கடலில் அவர். இரண்டுமே என் வாயால் வந்த வினை. செபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே தெரியாமல் போய்விட்டது, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் இருந்த இளையவளுக்குப் போன் செய்தேன். "அண்டாவுலயோ பைப்படிலயோ அப்பா கல்லு ஒரு துண்டாவது சிதறிக் கெடக்கா பாரு" என்றேன். ஒரே ஒரு துண்டு போதும். அதைக் கெபி இடத்தில் வைத்துவிட்டால் நேர்ந்த வார்த்தை நின்றுவிடும், மற்றதை மாதா பொறுத்துக்கொள்வாள்.

அவள் தேடிப் பார்த்துவிட்டு, "தண்ணி போற ஓட்டைக்கிட்ட வெரல் நீளத்துக்கு ஒண்ணு கெடக்கும்மா" என்றாள்.

"அதை எடுத்துட்டுப் போயி..." என்று தொடங்கிவிட்டேன்.

அவளுக்கு நேர்ச்சை பற்றி ஒன்றும் தெரியாது. "அம்மா, இது உசுரோட இருக்க மாதிரி இருக்கு. நுனில கலர் போகல" என்றாள். அவள் அப்பா பேசுகிற மாதிரியே பேசினாள்.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மகள் உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆனதோ. இளையவள், "அம்மா, லைன்ல இருக்கியா?" என்றாள்.

"கடல் தண்ணில போட்டு வை" என்றேன். "வாளில எடுத்துட்டு வந்து அதுல போடு. அப்பா வருவாரு."

போனை வைத்துவிட்டு மாதாவைக் கும்பிட்டேன். என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அதுவும் ஒரு நேர்ச்சையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பேத்தி பிறந்தாள். சத்தம் குறைவாகத்தான் அழுதாளாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மகளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் வந்தார். சட்டை உடம்பிலேயே காய்ந்து உப்புப் பூத்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வலது பக்கமாகப் போய் நின்று, "பொம்பளப்பிள்ளை. ரெண்டு பேரும் இருக்காங்க" என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதார்.

வீட்டு வாளியில் இருந்த அந்த ஒரு துண்டைப் புயல் ஓய்கிறவரை அவர் வைத்திருந்தார். காலையும் மாலையும் கடல் தண்ணீர் மாற்றினார். பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவார், வந்து வாளியைப் பார்ப்பார். காற்று அடங்கியதும் கொண்டு போய்ப் பலகையின் மூலையில் கட்டினார். நான் வெட்டிக் கொடுத்த நூலில்தான் கட்டினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். ஆராய்ச்சிக்காரர்களிடம் போய், "எங்க வீட்டுல நடந்த தப்பு. நானே செஞ்சதா வச்சுக்கோங்க" என்று நடந்ததைச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் புயலில் உடைந்ததாக நினைத்திருப்பார்கள். அவரை அந்த வேலைக்குக் கூப்பிடாமல் ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒரு வருஷமும் கரையில் ஒதுங்குகிற கிழிந்த வலைகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகளும் பேத்தியும் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. கெபி பாக்கி நின்றது. பிள்ளை கொஞ்சம் தும்மினால்கூட எனக்கு அந்த இடம்தான் கண்ணில் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். மாதாவுக்குக் கல் தேவையில்லை, ஏழைக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடு, நேர்ச்சை தீர்ந்துவிட்டது என்றார். சரி என்று வந்தேன். மறுநாளும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். வீட்டின் பின்பக்க மதிலில் ஓங்கி ஒரு குத்து விட்டார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. நான் பதறிப்போய் ஓடினேன்.

"என்ன செய்தீய?"

"இது என்ன கல்லுன்னு தெரியுமா?"

தெரியும். ஆனால் இத்தனை வருஷம் அது என் நினைவில் வரவே இல்லை. எங்கள் ஊரில் பழைய வீடுகள் எல்லாம் கடல் கல்லில் கட்டியவை. அந்த மதில் அவருடைய தாத்தா வள்ளத்தில் கொண்டு வந்த பவளக்கல். மேல்பூச்சு போனால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஓட்டை ஓட்டையாக, நான் சின்ன வயதில் பார்த்த அதே கல்.

"சாமியார் சொன்னது சரிதான்" என்றார். "ஆனா ஒனக்கு நெஞ்சு ஆறலயே. இது எங்க தாத்தா எடுத்தது. செத்து எவ்வளவோ காலமாச்சு. இதை மாதா வச்சுக்கிடட்டும்."

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "கல்லு நட்டவரு இப்ப கல்லு புடுங்குதாரே, வேலை மாறிட்டா?" என்றாள். "ஆமா, ஒங்க வீட்டு மதிலும் இதே கல்லுதான். அடுத்தது அங்கனதான் வாரேன்" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவரும் தம்பியும் சேர்ந்து கெபியைக் கட்டினார்கள். தம்பிதான் கல் சுமந்தான், ஒரு கல்லைக்கூட அவரைத் தூக்க விடவில்லை. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எங்கள் பின்பக்கம் மதில் இல்லாமல் போனது. கரையில் பொறுக்கிய பழைய வலையை அங்கே கட்டினார். இன்றும் அதுதான் கிடக்கிறது. கோழியும் ஆடும் வந்து போகின்றன.

அந்தச் சாக்கில் இருந்தவற்றில் பாதி செத்துப்போனது. மிச்சம் பிழைத்தது. வாளித் துண்டும் பிழைத்தது. பேத்தியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் முங்கிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்துக் காட்டுவார். கடைசியாகக் காட்டியபோது ஒரு முழம். நூல் உள்ளே போய்விட்டது, இனி வெளியே தெரியாது என்றார். அதற்கடுத்த மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "யக்கா, மூலைல உள்ள வாளித் துண்டும் வெளுத்துட்டு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்கி."

அவர் ஒரு கோடையில் எனக்குச் சொல்லியிருக்கிறார். வெளுத்தால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பசியில் கிடக்கிறது, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் திரும்பி வரும், நாள் போனால் வராது. எத்தனை நாள் என்று நான் கேட்டு வைக்கவில்லை.

சாயங்காலம் கெபிக்குப் போகிறேன். அந்தக் கல்லும் வெள்ளை, கடலுக்குள் இருப்பதும் இப்போது வெள்ளை. மெழுகுதிரி ஏற்றிவிட்டு நிற்கிறேன். என்னென்னவோ வாய்வரை வருகிறது. எதையும் நேரவில்லை. என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். தண்ணியைக் குளிர வை அம்மா என்று கேட்க மட்டும் செய்கிறேன்.

காலையில் தம்பியின் போட்டு வருகிற சத்தம் கேட்டால் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கரைக்குப் போகிறேன். அவன் இறங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

"தண்ணி எப்படிலே இருக்கு?"

இன்று அவன் போட்டுக்கு வெளியே கையை விட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"தெரியல யக்கா" என்றான். "நேத்தையவிட இன்னைக்குச் சூடு கொஞ்சம் கொறவு மாதிரி இருக்கு. நாளைக்குப் பாப்போம்."